கூட்டத் தெரியாத கணினியோடு வந்த ஆசிரியர்கள்

1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்து சேர்ந்த ஐபிஎம் 1620 கணினிக்குக் கூட்டல் தெரியாது. இரண்டு எண்களைக் கொடுத்தால், நினைவகத்தில் எழுதி வைத்திருந்த வாய்பாட்டைப் பார்த்துத்தான் விடை சொல்லும். கூட்டவும் தெரியாது, கூட்டிப் பார்க்க முயல்வதும் கிடையாது என்று அமெரிக்கப் பொறியாளர்களே அதைக் கேலி செய்தார்கள். ஆனால் இந்தியாவில் கணினிக் கல்வி ஒரு பாடமாக வேர்பிடித்தது அந்த எந்திரத்தைச் சுற்றித்தான். அதற்குக் காரணம், எந்திரத்தோடு ஆசிரியர்களும் வந்ததுதான்.

எம்ஐடி, பெர்க்லி, பிரின்ஸ்டன், கால்டெக், பர்டியூ என ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து 1962 முதல் 1972 வரை கான்பூர் ஐஐடிக்குத் துணை நின்றன. அமெரிக்க அரசின் பணத்தில் அங்கிருந்து பேராசிரியர்கள் இங்கே வந்து தங்கிப் பாடம் நடத்தினார்கள். இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயின்று திரும்பினார்கள்.

1620 வந்தபோது கூடவே வந்தவர்களில் ஒருவர் பெர்க்லியின் ஹாரி ஹஸ்கி. சாதாரண ஆள் இல்லை. எனியாக் கணினியில் வேலை பார்த்தவர். 1947இல் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கின் குழுவில் இருந்தவர். பாஸ்கல் மொழியைப் பின்னாளில் உருவாக்கிய நிக்லாஸ் விர்த்துக்கு முனைவர் பட்ட நெறியாளர். அப்படிப்பட்டவர் கங்கைக்கரை ஊரில் உட்கார்ந்து ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தார். பொறியியல் படிக்க வந்த மாணவர்கள் நிரலைத் தாங்களே எழுதி, அட்டையில் துளையிட்டு, எந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நாட்டின் வேறு ஆய்வுக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் இருந்தவர்களுக்குச் சில நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. கணினி என்றால் கண்ணாடி அறைக்குள் நாலைந்து நிபுணர்கள் மட்டும் தொடும் பொருள் என்றிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

ஈரோட்டில் 1933இல் பிறந்த வி. ராஜாராமன் அந்த வகுப்புகளின் அச்சாணிகளில் ஒருவர். எம்ஐடியில் முதுகலை, விஸ்கான்சினில் முனைவர் பட்டம் முடித்து, அங்கே சிறிது காலம் கற்பித்துவிட்டுக் கான்பூருக்கு வந்தவர். 1965இல் வருகைதரு ஆசிரியராகப் பெர்க்லிக்குப் போய்த் திரும்பினார். வெளிநாடு போய்வந்த ஆசிரியர்கள் பலரும் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இவர் பாடப் புத்தகமும் எழுதினார். கணினி நிரலாக்கக் கோட்பாடுகள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1969இல் வெளிவந்தது. விலை 15 ரூபாய். அயல்நாட்டுப் புத்தகம் ஒன்றை நூலகத்தில் புரட்டிப் பார்க்கவே காத்திருக்க வேண்டிய மாணவனுக்கு, சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய விலை அது. பரிமாற்றப் பயணங்களால் என்ன பயன் என்று கணக்குக் கேட்பவர்களிடம் இந்த ஒரு புத்தகத்தை நீட்டினால் போதும் என்று தோன்றுகிறது.

சென்னைக் கதை வேறு தடத்தில் ஓடியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959 ஜூலை 31இல் தொடங்கப்பட்டது சென்னை ஐஐடி. ஜெர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள். பட்டறை வேலை சொல்லித்தரும் தேர்ந்த தொழில்நுட்பர்களும் வந்தார்கள். இங்கிருந்து ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். லேத்தும் உலையும் அளவுக்கருவிகளும்தான் அந்த உறவின் முகம். கணினி பின்னால்தான் வந்தது: ஜெர்மனி கொடுத்த ஐபிஎம் 370/155 அடையாறு வளாகத்தில் நிறுவப்பட்டது 1973இல். கான்பூரைவிடப் பத்தாண்டு தாமதம். எந்திரம் ஜெர்மன் உதவி. அதை வைத்துப் பாடம் நடத்த வந்த எச்.என். மகாபலாவோ கனடாவில் முனைவர் பட்டம் பெற்று, கான்பூரில் கற்பித்த அனுபவத்தோடு அதே ஆண்டு சென்னைக்கு வந்தவர். ஆக, பெர்க்லியிலிருந்து கங்கைக்கரைக்கு வந்த பாடமுறை அடையாறு வரை வந்து சேர்ந்தது. ராஜாராமனிடம் கான்பூரில் படித்தவர் நாராயணமூர்த்தி. சென்னையில் 1979இல் கணினி எம்.டெக் முடித்தவர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன். இன்ஃபோசிஸ் நிறுவனர்கள் எழுவரில் இருவர் இந்த இரண்டு வளாகங்களின் பிள்ளைகள்.

1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. படிப்பு பிறந்ததிலும் ராஜாராமனின் கை உண்டு. அதைப் பரிந்துரைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். பொறியியல் படிக்காத பி.எஸ்சி. பட்டதாரிக்கும் கணினித் துறையில் நுழைய வழி கிடைத்தது அப்போதுதான். ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வைவிட இந்தக் கதவுதான் எட்டக்கூடியது.

இதுவரை சொன்னதெல்லாம் அங்கிருந்து இங்கே வந்த சரக்கு. இங்கிருந்து போனதும் உண்டு. சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன், டாட்டா ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். 1961இல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இலியாக் III என்ற கணினியின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். படத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று முதலில் வாதிட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்தத் துறையில் தாம்பரத்திலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இணையர், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, புள்ளிக் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். 1974இல் அது சர்வதேசக் கணினி வரைகலை இதழொன்றில் கட்டுரையாக வந்தது. பள்ளிப்பட்டு வாசலில் விடியற்காலையில் ஒரு பெண் புள்ளி வைத்துச் சுழிக்கும் கோடு, விதிகளின் வரிசையாக உலகத்தின் முன் நின்றது. கோலம் போடுபவர்களுக்கு அந்த விதிகள் எப்போதும் தெரிந்தவைதான். கணிதக்காரர்கள்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

கமலா கிருத்திவாசன் 1975இல் சென்னை ஐஐடியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1986இல் அவருக்கு அமெரிக்காவின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட் நல்கை கிடைத்தது. 1963இல் ஹஸ்கி பாடம் சொல்ல இங்கே வந்த காலத்துக்கும் அதற்கும் இடையே கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1990களில் கமலா சென்னை ஐஐடி கணினித் துறையின் தலைவரானார்.