ஒளிபரப்பும் அடுக்களையும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வரும்வரை, சுமார் 18 ஆண்டுகள், நம் பண்டிகைப் பொழுதுகளைப் பெரிதும் வகுத்தது அரசுத் தொலைக்காட்சியே.

வடபழனிக்கு இதில் தனி இடமுண்டு. ஏவி.எம்., விஜயா-வாஹினி படப்பிடிப்புத் தளங்களை அண்டி வளர்ந்த பகுதி இது. விளக்குப் பிடித்தவரும் ஒப்பனை செய்தவரும் வாழ்ந்த தெருக்களுக்கே, அவர்கள் உழைப்பில் உருவான படங்கள் ஞாயிறு மாலைகளில் திரும்பி வந்தன. சாலிடேர், டயனோரா எனச் சென்னையில் தயாரான பெட்டிகள் சில வீடுகளில் மட்டும் இருந்தன.

தீபாவளி, பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போது, 'எல்லோரும் சேர்ந்து பார்த்தோம்' என்கிறோம். எல்லோரும் என்பவர் யார்? நாற்காலி வீட்டாருக்கு, தரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, சன்னல் கம்பி மற்றவர்க்கு. பெண்களோ அடுக்களை நிலைப்படியில் நின்று துண்டு துண்டாகப் பார்த்தார்கள். பாட்டுக்கு ஓடி வருவார்கள். அடுப்பிலிருக்கும் எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வந்ததும் திரும்புவார்கள். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பு நமக்கு எரிச்சலூட்டியது. விட்ட கதையைக் கேட்டறிய அவர்களுக்கு அதுவே அவகாசம்.

வாஹினி வளாகத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. நிகழ்ச்சிகளின் பெயர்களை நாம் எப்படியும் நினைவு கூர்ந்துவிடுவோம். நிலைப்படியில் நின்றவர்களில் பலர் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் பார்த்த பாதிப் படங்களின் கதையைக் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடன்.