ஆத்தங்குடிக் கல்லும் அன்னபேதியும்

ஆத்தங்குடிப் பூக்கல்லின் நிறம், பூ, பளபளப்பு பத்தியெல்லாம் நம்ம மக்கள் ஏகப்பட்ட பதிவு போட்டாச்சு. அதைச் செய்யுற கையைப் பத்தி யாரும் எழுதின மாதிரி தெரியலை. அதனால இது கைக்கான பதிவு.

காரைக்குடி பக்கத்துல இருக்குற இந்த ஊருல, கண்ணாடி மேல அச்சை வச்சு, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊத்துவாங்க. மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செஞ்சு, அப்புறம் சில நாள் தண்ணித் தொட்டியில ஊறப்போடுவாங்க. சூளையே கிடையாது, எல்லாம் கைவேலை. நாள் முழுக்க ஈரச் சிமெண்டுதான். கொத்தனார், சித்தாள் பாடும் இதேதான். பலருக்கு விரல் இடுக்குல அரிப்பு, நீர்க்கொப்புளம், வெடிப்பு. 'கரப்பான்'னு சொல்லி கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திடுவாங்க. பாவம் கத்தரிக்காய்!

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சுவருக்குப் பூசியது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பும் கையைப் புண்ணாக்கும். ஆனா அது காரத்தால வர்ற புண். வேலையை விட்டா ஆறிடும். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய போர்ட்லாண்ட் சிமெண்டு வேற ரகம். காரத்தோட ஒவ்வாமையையும் சேர்த்துக் கொண்டு வந்தது.

காரணம் ரொம்ப நாள் பிடிபடலை. 1950-இல் யேகர், பெல்லோனி என்ற இரண்டு சுவிஸ் மருத்துவர்கள்தான் குற்றவாளி குரோமியம் என்று காட்டினார்கள். சுண்ணாம்புக்கல், களிமண்ணில் துளியூண்டு குரோமியம் இருக்கும். சுமார் 1450 டிகிரி சூளையில் அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும் வகையாக மாறிவிடும். ஈரச் சிமெண்டு பட்டதும் தோலுக்குள் இறங்கும். ஒரு தடவை உடம்பு அதைப் பகையா எடுத்துக்கிட்டா, பெரும்பாலும் ஆயுசுக்கும் பகைதான். அப்புறம் கொஞ்சம் பட்டாலே கை பொங்கும். கொத்தனாருக்கு அது தோல் வியாதி மட்டும் இல்லீங்க, தொழிலே போற வியாதி.

மருந்து என்னன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. அன்னபேதி! ஆமா, நம்ம சித்த வைத்தியத்துல செந்தூரம் செய்யுற அதே அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். அதைக் கையில பூசுறதில்லை, சிமெண்டுல கலக்குறது. 50 கிலோ மூட்டைக்குச் சுமார் கால் கிலோ போதும், குரோமியம் கரையாத வகையா மாறிடும். டென்மார்க் 1981-இல் இதைத் தொடங்கி 1983-இல் சட்டமாக்கியது. அங்கே புதுசா இந்த ஒவ்வாமை வர்றவங்க எண்ணிக்கை நல்லா குறைஞ்சது. 2005 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பத்து லட்சத்தில் 2 பங்குதான் உச்சவரம்பு. அன்னபேதி நாளாக ஆக வீரியம் குறையும் என்பதால், எத்தனை நாளைக்குத் தாங்கும்னு மூட்டையிலேயே அச்சடிக்கணும். நான் பார்த்த நம்ம ஊர் மூட்டைகளில் கிரேடு, எடை, தயாரிச்ச வாரம் எல்லாம் இருக்கு. குரோமியத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்லை.

அது வர்ற வரைக்கும் வேலை செய்யறவங்க கிட்ட இதைச் சொல்லுங்க. சிமெண்டு பட்டா காயவிடாம நல்ல தண்ணியில கழுவணும். நைட்ரைல் கையுறை நல்லது. உள்ளே சிமெண்டு போயிட்டா உடனே கழட்டணும். தோல் கையுறை வேண்டாம், பதனிடுறதே பெரும்பாலும் குரோமியத்துலதான். ராத்திரி தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். ஆறாட்டி தோல் டாக்டர்கிட்ட 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்க. முதுகுல ரெண்டு நாள் ஒட்டி வச்சு எது ஆகலைன்னு பார்ப்பாங்க.

வீடு கட்டிக்கிட்டு இருக்குற நண்பர்களே, டைல்ஸ் நிறம் பார்க்கப் போறப்போ மேஸ்திரி கையையும் ஒரு தடவை பாருங்க. ஒரு ஜோடி கையுறைக்கு ஆகுற செலவு, ஒரு கல்லு உடைஞ்சா ஆகுற நட்டத்தை விடப் பெரிசில்லை.