ஈயச் சிப்பாய்களின் காலுறை

என் மேசையில் இப்போது ஒரு படை நிற்கிறது. ஆள் ஒன்றின் உயரம் 28 மில்லிமீற்றர். சுண்டுவிரலின் பாதி என்று வையுங்கள். கனடாவிலிருந்து வந்துபோன அக்காவின் மகன் விட்டுச்சென்ற பெட்டி அது. மேசையிலே போர் விளையாடுகிறவர்கள் வாங்கும் ஈயக்கலவைப் பொம்மைகள். நிறமில்லாமல்தான் வரும்; பூசுவது வாங்கியவர் பொறுப்பு. இவர்கள் ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீற்றரின் பிரெயோபிரஷென்ஸ்கி மெய்க்காவற் படையினர். பெயரைச் சொல்ல நாக்குச் சுளுக்கும். ஒரு முறை சொல்லிவிட்டேன். இனி மெய்க்காவற் படை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கறுப்பு ஒரு பூச்சு. அது காய்ந்தபின் அங்கிக்குக் கரும்பச்சை, கைமடிப்புக்குச் சிவப்பு. நிறத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி இரண்டு மூன்று தரம் மெல்லியதாகப் பூசவேண்டும். ஒரே தரத்தில் அப்பினால் முகத்தில் மூக்கு இராது. திருகோணமலைத் துறைமுகத்து உப்புக்காற்றில் மாரி காலத்திலே ஒரு பூச்சுக் காய்வதற்குள் ஒரு தேநீர் குடித்து, பத்திரிகையும் படித்து முடிக்கலாம்.

இப்படி நான் பூதக்கண்ணாடியும் தூரிகையுமாய் இருந்த ஒரு மாலையில் அக்கா உள்ளே வந்தா. வரிசையைப் பார்த்தா. "தம்பி, வீட்டுக்குள்ளையும் ஆமியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டா.

அந்தக் கேள்வியின் கனம் இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். கோணேசர் ஆலயத்துக்குப் போகிறவர் பிரெடரிக் கோட்டையின் வாசலால் நுழைந்து, இன்றைக்கும் படைமுகாமாக உள்ள இடத்தைக் கடந்தே சுவாமி மலைக்கு ஏறவேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் 1624இல் எழுந்த அந்தக் கோட்டைக்குப் போயின. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று கை மாறிய கோட்டை. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். சிப்பாய் இங்கே விளையாட்டுச் சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் என் மேசையில் நிற்கும் படையின் கதையோ விளையாட்டில்தான் தொடங்குகிறது. 1682இல் பத்து வயதிலே முடிசூடிய பீற்றர், அரண்மனைச் சூழ்ச்சிகளுக்குத் தப்பி மொஸ்கோவுக்கு அருகில் பிரெயோபிரஷென்ஸ்கோயே என்ற கிராமத்தில் வளர்ந்தான். அங்கே கூட்டாளிப் பையன்களையும் குதிரைலாயத்து வேலைக்காரரையும் சேர்த்து ஒரு 'விளையாட்டுப் படை' அமைத்தான். மரத் துப்பாக்கி உண்மைத் துப்பாக்கியாயிற்று. யாவுசா ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோட்டையும் கட்டி அதை முற்றுகையிட்டு விளையாடினார்கள். 1694இல் கொஷுகோவோ என்ற இடத்தில் பெரிய அளவில் நடத்திய போலிப் போரிலே ஆட்கள் உண்மையாகவே செத்தார்கள். மறு வருடமே அஸோவ் கோட்டைக்கு மெய்யான படையெடுப்பு. பயிலாத பிள்ளைகள் விளையாடிய விளையாட்டு, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரு பேரரசின் முதற் படையாகிவிட்டது.

1700 நவம்பரில் நார்வா என்ற இடத்தில் சுவீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்ள்ஸ் ரஷ்யப் படையைச் சிதறடித்தான். மற்றவர்கள் ஓட, மெய்க்காவற் படைகள் இரண்டும் இரவுவரை நின்று பொருதன. அந்தத் தேதி பின்னர் அவ்விரு படைகளின் அதிகாரிகள் கழுத்தில் அணியும் பிறைத்தகட்டில் பொறிக்கப்பட்டது. முழங்காலளவு இரத்தத்தில் நின்றார்கள் என்பதற்காகவே சிவப்புக் காலுறை அணியும் உரிமை கிடைத்தது என்றொரு மரபுக்கதையும் உண்டு. கதைதான். ஆனால் படைச் சின்னங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகின்றன; தோற்ற போரின் இரத்தத்தையும் துணியாக்கி உடுத்திக்கொள்கின்றன. கரும்பச்சையைத் தயக்கமின்றிப் பூசிய என் கை காலுறைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

போரைப் பொம்மையாக்குவதில் தீங்கில்லை, அதுவே மெய்ப்போருக்கு மாற்று என்று சொன்னவர் எச்.ஜி. வெல்ஸ். ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிகள் எழுதி 1913இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அடுத்த ஆண்டு முதலாம் உலகப்போர் வெடித்தது. வெல்ஸ் மேல் பழி சொல்ல நான் வரவில்லை. பிரஷ்ய இராணுவமோ 1824 முதற்கொண்டே மேசைப்போரை அதிகாரிகளின் பயிற்சிக்குக் கைக்கொண்டிருந்தது. ஒரே விளையாட்டு; ஒருவருக்கு அது போருக்கு மாற்று, மற்றவருக்குப் போருக்கு ஒத்திகை.

நிறத்துக்கு வருவோம். சிப்பாயின் அங்கி நிறம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. ஒல்லாந்தக் கம்பனிக்கு இலங்கையில் காவல் நின்ற படைகளில் ஒன்று டி மூரோன் படையணி. இன்றைய சுவிற்சர்லாந்தின் நியூஷாத்தெல்லைச் சேர்ந்த சார்ள்ஸ் டானியல் டி மூரோன் பிரபு 1781இல் திரட்டி, கூலிக்குக் கொடுத்த படை அது. ஆம், படையும் தனியார் சொத்தாக இருந்த காலம். 1795 மார்ச் 30இல் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் ஹியூ கிளெக்ஹோர்ன் அந்தப் பிரபுவைக் கண்டு பேசி, முழுப் படையையும் பிரித்தானியாவுக்கு ஒப்பந்தம் எழுதுவித்தார். கொழும்புக் கோட்டையிலிருந்த படைத்தலைவருக்கு, அவர் பிரபுவின் தம்பி, செய்தி ஒரு பாற்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அந்தப் பாற்கட்டியை விட மனமில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில் கேணல் ஸ்டூவர்ட்டின் படை நமது துறைமுகத்தில் இறங்கிற்று. 26ஆந் திகதி பெரிய கோட்டையும், 31ஆந் திகதி உட்துறைமுக வாயிலிலுள்ள ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் பணிந்தன. வந்தவர்களுள் சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் சிவப்பு அங்கிதான். 1796 பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. டி மூரோன் சிப்பாய்களின் நீல அங்கியும் சிவப்பாயிற்று. ஆள் மாறவில்லை, துவக்குப் பிடிக்கும் கை மாறவில்லை. சம்பளம் கொடுப்பவர் மட்டும் மாறினார். அதே படை 1799இல் ஸ்ரீரங்கபட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டது. பின்னர் கனடாவுக்கு அனுப்பப்பட்டு 1816இல் கலைக்கப்பட்டது. கலைந்தவர்களில் ஒரு கூட்டம் செந்நதிக் குடியேற்றத்துக்கு, இன்றைய வின்னிபெக் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் தொலைபேசியில் மருமகனிடம் சொன்னேன். அவனுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. டி மூரோன் சிப்பாய்களாகப் பூசக்கூடிய பொம்மைகள் தேடி அனுப்புகிறேன், நீலம் பூசுவீர்களா சிவப்புப் பூசுவீர்களா மாமா என்று கேட்டான். பக்கத்தில் அக்கா இருந்தா. தொலைபேசியை வாங்கி, "அதையும் இஞ்சை அனுப்பாதை" என்றா. பிறகு மேசையருகே வந்து, பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு சிப்பாயின் முகத்தை நெடுநேரம் பார்த்தா.

"சின்னப் பெடியன்" என்றா.

அங்கிகள் எல்லாம் முடிந்துவிட்டன. காலுறைகள் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன.