சூறாவளித் தடமும் பெருமழையும்: முன்கணிப்பின் இடர்ப்பாடுகள்

அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் தோன்றி, காற்றின் வேகம் மணிக்கு 119 கி.மீ. அளவை எட்டிய வெப்பமண்டலச் சூறாவளி ஹரிக்கேன் எனப்படும். இதன் மையம் செல்லும் தடத்தைக் கணிப்பதில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டிருப்பினும், மிகுதியான மழை எந்த ஊரில் கொட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமாகவே உள்ளது.

ஹரிக்கேனைச் சூழ்ந்துள்ள பரந்த காற்றோட்டமே, குறிப்பாக உயர் அழுத்தப் பகுதிகளின் விளிம்பில் வீசும் காற்றே, அதை இட்டுச் செல்கிறது. இக்காற்று வலுவாக ஒரே திசையில் வீசினால் தடம் ஓரளவு தெளிவாகும். எதிரெதிராகத் தள்ளும் இரு உயர் அழுத்தப் பகுதிகளுக்கிடையே சூறாவளி அகப்பட்டுக்கொண்டால், செலுத்தும் விசை ஓய்ந்து, தொடக்க அளவீடுகளிலுள்ள சிறு பிழையும் பெரிதாக வளர்ந்துவிடும். எனவேதான் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை கணித்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கும் குழுக்கணிப்பு முறை கையாளப்படுகிறது.

அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் கூம்பு வடிவப் படம், முந்தைய ஐந்தாண்டுப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் வகையில் வரையப்படுகிறது. மையம் கூம்புக்கு வெளியே செல்லவும் கூடும் என்பதோடு, மழை எங்கே பெய்யும் என்பதை அது காட்டுவதே இல்லை. கூம்புக்கு வெளியே இருப்பதால் ஆபத்தில்லை என்று கருதுவது பெரும் பிழையாகும்.

மழையின் மொத்த அளவு காற்றின் வேகத்தைவிடச் சூறாவளி நகரும் வேகத்தையே பெரிதும் பொறுத்தது. 2017 ஆகஸ்ட் 25 அன்று மணிக்கு 215 கி.மீ. வேகக் காற்றுடன் டெக்சாஸின் ராக்போர்ட் அருகே கரையேறிய ஹார்வி என்னும் ஹரிக்கேன், வலுவிழந்தும் அகலாமல் தயங்கி நின்று, மீண்டும் கடலுக்குள் திரும்பி, 30ஆம் நாள் லூசியானாவில் மறுபடி கரையைக் கடந்தது. கரையேறிய இடத்திலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவிலுள்ள ஹியூஸ்டன் மூழ்கியது. அதற்கும் கிழக்கே நெடர்லாந்து என்னும் ஊரில் 1,539 மி.மீ. மழை பதிவானது. மழை வரைபடத்தில் இருந்த நிறங்கள் போதாமல், தேசிய வானிலைப் பணியகம் புதிதாக இரண்டு ஊதா நிறங்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஹார்வியால் வரலாறு காணாத மழை வரும் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் சூறாவளியைச் சுற்றிச் சுழலும் மழைமேகப் பட்டைகள் குறுகலானவை; மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றை உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தைக் கடந்து கொட்டக்கூடியவை. அத்தகைய பட்டை சிறிது தூரம் விலகினாலே நீர் வேறோர் ஓடையின் வடிநிலத்தில் சேரும் என்பதால், தடக்கணிப்பில் நல்லதெனக் கொள்ளப்படும் துல்லியம் வெள்ளக் கணிப்புக்குப் போதுவதில்லை.

மக்கள் பெரிதும் நம்பும் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் காற்றை மட்டுமே அளக்கிறது. ஹார்வியின் மழையில் பெரும்பகுதி, அந்த அளவுகோலின் மிகக் கீழான படியிலும் இடம்பெறாத வெப்பமண்டலப் புயலாக அது தணிந்த பின்னரே பெய்தது. டெக்சாஸில் அதற்கு நேரடியாகப் பலியான 68 பேரில் 65 பேர் மழைவெள்ளத்தால் மாண்டவர்கள்.