கல்கத்தாவில் பாய்ந்த குதிரை

சதுரங்கத்தில் பெட்ரோஃப் தற்காப்பை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வம்புதும்புக்குப் போகாதவர்கள். வெள்ளை என்ன செய்கிறதோ அதையே கறுப்பும் செய்யும். மூன்றாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டும். கறுப்பு டி6 என்று சிப்பாயை வைத்து அதை விரட்டும். குதிரை சமர்த்தாக எஃப்3-க்குத் திரும்பும். பல ஆட்டங்கள் அங்கிருந்தே டிராவைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

ஜான் காக்ரேனுக்கு இந்தச் சமர்த்து ஒத்துவரவில்லை. கல்கத்தாவில் பாரிஸ்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். திரும்ப வேண்டிய குதிரையை எஃப்7 சிப்பாய்மேல் பாய்ச்சினார். அங்கே நின்றால் அது ராணியையும் யானையையும் ஒருசேர மிரட்டும். ராஜாவே இறங்கி வந்து வெட்டியாக வேண்டும். வெட்டினால் கோட்டை கட்டும் உரிமை போச்சு. ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், கூடவே வெட்டவெளியில் ஒரு ராஜா. ஆட்டத் தொகுப்புகள் இதற்கு 1848 என்று தேதியிடுகின்றன.

எதிரில் உட்கார்ந்தவர் மகேஷ் சந்திர பானர்ஜி. நம் ஊர்ப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். அந்தப் பழக்கத்தில், வேறு ஆட்டங்களில் டி6, ஜி6 என்று ஒவ்வொரு கட்டமாக அடியெடுத்து, மந்திரியை மூலையோரம் ஜி7-இல் நிறுத்தி ஆடினார். ‘இந்தியத் தற்காப்பு’ என்று உலகம் சொல்வதற்கு வேர் அங்கேதான். பாரிஸ்டரின் ஆட்டத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பானர்ஜியின் ஆட்டத்துக்கு நாட்டின் பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இது உறுத்தல்தான்.

குதிரையைக் கொடுத்த கையோடு மந்திரியை சி4-க்குக் கொண்டுவந்து செக் சொல்லத்தான் கை துடிக்கும். ஆனால் கறுப்பு டி5 என்று சிப்பாயை நீட்டித் தடுத்தால் தாக்குதல் பிசுபிசுத்துவிடக்கூடும். அதனால் பின்னாளில் வந்தவர்கள் அவசரப்படாமல் டி4 ஆடினார்கள். செக் எங்கும் போய்விடாது. முதலில் நடுப்பலகையை இரண்டு சிப்பாய்களால் பிடிப்போம், பிறகு அவற்றை உருட்டிவிடுவோம் என்பது திட்டம். வெள்ளை வாங்குவது அவகாசத்தை. ராஜா ஒளிந்துகொள்ள இடம் தேடும் நாலைந்து நகர்த்தல்களுக்குள் காரியத்தை முடித்தால் உண்டு.

வெறும் துணிச்சல் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட இதை 1999-இல் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் எடுத்து ஆடினார், அதுவும் பெட்ரோஃபில் கரைகண்ட கிராம்னிக்கிடம். கிராம்னிக்கின் பதில் ஜி6: ராஜா ஒதுங்கி ஜி7-இல் பதுங்குவதற்கான ஏற்பாடு. பானர்ஜி பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆட்டம் டிரா.

கணினியைக் கேட்டால் கறுப்புக்கே சாதகம் என்கிறது. சரியாகத்தான் சொல்கிறது, அதன் ராஜாவுக்கு வியர்ப்பதில்லை. பெங்களூரு மெட்ரோவில் இந்திராநகரில் ஏறி மெஜஸ்டிக் சேர்வதற்குள் செல்பேசியில் மூன்று நிமிட ஆட்டம் இரண்டு மூன்று ஓடிவிடும். அங்கே கதை வேறு. டி4 வந்ததும், இ4-இல் நிற்கும் சிப்பாயைக் கண்டு கறுப்புக்கு ஆசை வரும். குதிரையால் வெட்டும். வெள்ளை ராணி எச்5-க்குத் தாவி செக் சொல்லும். ஜி6 என்று மறைப்பார்கள். ராணி டி5-க்கு வந்து இன்னொரு செக் வைக்கும். அதே பார்வையில் இ4 குதிரையும் மாட்டிக்கொண்டிருக்கும்.