ஓர் ஒட்டுண்ணி, இரு பெயர்கள்

வாலாஜாபாத்தில் நான் தலைமையாசிரியனாயிருந்தபோது மாணவன் ஒருவன் வினவினான்: "ஐயா, 'லீஷ்மேனியா டோனோவானி' என ஓர் ஒட்டுண்ணிக்கு இருவர் பெயர் ஏன்?"

விடை நம் சென்னையிலேயே உள்ளது. காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சலை விளைவிப்பது இவ்வுயிரி. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று, இங்கிலாந்தில் மாண்ட படைவீரன் ஒருவனின் மண்ணீரலில் 1900இல் லீஷ்மன் அதனைக் கண்டார். ஆயினும் 1903 மே மாதத்தில்தான் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதனை வெளியிட்டார். சிதைந்துபோன வேறோர் உயிரியாகலாம் என்றும் எண்ணினார்.

சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டோனோவானோ, அவ்வாண்டு ஏப்ரலிலேயே இறந்தவர் உடலில் அதனைக் கண்டிருந்தார். ஜூனில் உயிருள்ள சிறுவன் ஒருவனிடமும் கண்டமையால், இது சாவிற்குப்பின் நேர்ந்த சிதைவன்று எனத் தெளிந்தார். அவர் கட்டுரை ஜூலையில் அதே இதழில் வந்தது.

முந்தியவர் லீஷ்மன், ஐயத்தை அகற்றியவர் டோனோவான். நவம்பரில் ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்தே அவ்வுயிரிக்குச் சூட்டினார்.

ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் பிறர் நூல்களைச் சுட்டும் பட்டியலை வெறும் சடங்கென்று எண்ணாதீர்கள். அஃது அறிவுலகம் தீர்க்கும் நன்றிக்கடன். கண்டதைக் காலத்தே எழுதுங்கள். எழுதுங்கால் பிறர் உழைப்பை மறவாதீர்கள். அம்மாணவனுக்கு நான் அன்று கூறிய விடையும் இதுவே.