பதிவேடு

பதிவு + ஏடு = பதிவேடு. ‘பதி’ என்ற வினைக்கு அழுந்தச் செய்தல், நிலைக்கச் செய்தல் என்று பொருள். ‘ஏடு’ முதலில் பனையோலையின் இதழ். பின்னர் தாளுக்கும் புத்தகத்துக்கும் ஆகிவந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான ‘லாக்’ என்பதும் மரத்திலிருந்து வந்த சொல்தான். அதன் முதற்பொருள் மரக்கட்டை. மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, ஓடிய முடிச்சுகளை எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். அதைக் குறித்துவைத்த புத்தகம் ‘லாக் புக்’ ஆயிற்று.

பதிவு கண்டுபிடிப்புக்கும் வழிவிடும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்குவதைக் கவனித்தார்கள். அப்போது விண்மீனின் ஒளி சற்று மங்கியது பதிவில் விழுந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலும் அத்தகைய மங்கல்கள் பதிவாயின. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது.

கணினியிலும் பதிவேடு உண்டு. தரவுத்தளத்தில் ‘பரிமாற்றப் பதிவேடு’ என்பது, ஒவ்வொரு மாற்றத்தையும் நிகழும் வரிசையிலேயே முதலில் எழுதிக்கொள்ளும் கோப்பு. தரவு வட்டு பழுதானால், பழைய காப்புப்படியை மீட்டு, பதிவேட்டிலுள்ள மாற்றங்களை அதன்மேல் வரிசையாக ஏற்றிக் கடைசி மாற்றம் வரை திரும்பப் பெறலாம். பதிவேடும் அதே வட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே அதற்குத் தனி வட்டு வேண்டும்; இயன்றால் இரட்டைப் பிரதியும் வேண்டும்.

ஓலை ஏடுகளையும் நம் முன்னோர் படியெடுத்து வெவ்வேறு ஊர்களில் வைத்தார்கள். ஒரு வீட்டுப் பிரதி செல்லரித்தபோது இன்னோர் ஊர்ப் பிரதி கைகொடுத்தது.